வாசலுக்கு வந்த மாமாக்களும் ஒரு சிவப்புப் பட்டனும்

பள்ளிக்கூட வாசலைக் காக்கிற வேலைக்கு உடம்பில் பலம் வேண்டியதில்லை. மனசில் பயம் இருந்தால் போதும், அது என்னிடம் நிறையவே இருக்கிறது.

இதை நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று இப்போதும் பயம்தான். ஆறாவதோடு படிப்பை நிறுத்தியவள். முன்னே நடந்ததைப் பின்னே சொல்லிவிடுவேனோ, யாரையாவது மாட்டிவிட்டுவிடுவேனோ என்று பத்து முறை யோசித்துத்தான் எழுதுகிறேன். இதில் ஒரு பிள்ளையின் விஷயம் வருகிறது. அவள் பெயரையும் வகுப்பையும் மாற்றியிருக்கிறேன். கீரனூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் என்பதோடு இடத்தையும் நிறுத்திக்கொள்கிறேன். எங்காவது ஒரு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "யாரு, என்ன வேணும்" என்று நாள் முழுக்கக் கேட்டுத் திட்டு வாங்குகிறவர் நீங்களும் என்றால், மிச்சம் உங்களுக்கே புரியும்.

ஆடு வந்த நாள்

போன வருஷம் வரை எங்களுக்கு ஒரு நீள நோட்டுதான். யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று எழுதுவோம். தீர்ந்தால் பீரோவுக்குள் போகும், அப்புறம் அதை யாரும் திறக்க மாட்டார்கள். அந்த நோட்டை எடுத்துவிட்டு என் கையில் டேப் என்கிற தொடுதிரைக் கருவியைக் கொடுத்தார்கள். பள்ளிக்குள் எது நடந்தாலும் அதில் பதிய வேண்டும். கேட்டில் நான், வகுப்பில் டீச்சர்கள், பாத்ரூம் பக்கம் ஆயா. சின்ன விஷயத்துக்குப் பச்சை, கவனிக்க வேண்டியதற்கு மஞ்சள், ஆபத்துக்குச் சிவப்பு. சிவப்பை அமுக்கினால் ஹெச்.எம். சிஸ்டர், கம்ப்யூட்டர் சொல்லித்தரும் ஜெனிட்டா டீச்சர், பி.டி. சார் ஆகிய மூன்று பேரின் போனும் ஒரே நேரத்தில் அலறும். டைப் அடிக்கத் தெரியாதவர்கள் பேசினால் போதும், அதுவே எழுதிக்கொள்ளும். ஒருமுறை பதிந்ததை அழிக்க முடியாது என்றும் சொன்னார்கள்.

முதல் நாளே ஓர் ஆடு கேட்டுக்குள் புகுந்து எல்.கே.ஜி. வகுப்புப் பக்கம் ஓடியது. பிள்ளைகளை முட்டிவிடுமே என்ற பதற்றத்தில் சிவப்பை அமுக்கிவிட்டேன். மைதானத்திலிருந்து விசிலும் வாயுமாக ஓடிவந்த பி.டி. சார், ஆட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் சாவகாசமாகக் கேட்டார்: "ஆட்டுக்கே செவப்ப அமுக்கிட்டீங்க. நாளைக்கிப் புலி வந்தா எத அமுக்குவீங்க, மேரியக்கா?"

எல்லாரும் மாமா

பாதி நேரத்தில் பிள்ளையைக் கூட்டிப்போக வருகிறவரிடம் பெயர், போன் நம்பர், என்ன உறவு என்று மூன்றையும் கேட்டுப் பதிய வேண்டும். ஒரு மாதம் ஒழுங்காகப் பதிந்தேன். மாதக் கடைசியில் ஜெனிட்டா டீச்சர் அதைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார். அப்பாவும் அம்மாவும் அங்கங்கே இருந்தார்கள். மீதி இடம் பூராவும் மாமா. எங்கள் பக்கத்தில் அம்மாவுடைய தம்பியும் மாமா, பக்கத்து வீட்டுக்காரரும் மாமா, டிராக்டர் ஓட்ட வருகிறவரும் மாமா. வந்தவர் "மாமா" என்பார், பிள்ளையும் தலையாட்டும், நான் அனுப்பிவிடுவேன். அதில் ஒரு தப்பு இருக்கிறது என்று அந்தத் திரையைப் பார்க்கும்வரை எனக்குத் தோன்றவேயில்லை.

மறுநாளிலிருந்து கெடுபிடி. பெற்றோர் முன்கூட்டியே போட்டோ கொடுக்காத ஆளுக்குப் பிள்ளையை விடக்கூடாது. பொன்னமராவதியிலிருந்து பஸ் பிடித்து வந்த ஒருவரை நிறுத்தி, "நீங்க எந்த வகையில மாமா?" என்று கேட்டேன். வெயிலில் வந்த எரிச்சலில் இருந்தாலும் மனுஷன் நிதானமாகப் பதில் சொன்னார்: "ஊர்ல பாதிப் பேரு எனக்கு மாமாங்க. மீதிப் பேருக்கு நான் மாமா. இதுல எங்கிட்டுப் போயி வகை பிரிக்கிறது?"

ஏழு பேர் விழுந்த படி

மாடிப்படியில் பிள்ளைகள் விழுவது எல்லாப் பள்ளிக்கூடத்திலும் நடப்பதுதான். பார்க்கிற டீச்சர் "பாத்துப் போடா" என்பார், மறந்துவிடுவார். இப்போது மறக்காமல் பதிந்தார்கள். ஏழு பதிவு, பதிந்தவர் ஏழு பேர். ஒருவர் பதிந்தது இன்னொருவருக்குத் தெரியாது. அந்தக் கருவி ஏழையும் பொறுக்கி ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தது. ஏழு பிள்ளைகளும் விழுந்தது ஒரே திருப்பத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. போய்ப் பார்த்தால், அதற்கு மேலே இருக்கிற கை கழுவும் தொட்டிக்கு அடியில் ஒரு குழாய் ஒழுகுகிறது. பிள்ளைகள் கை கழுவும்போது மட்டும் அந்தத் திருப்பத்தில் ஈரம் கசிந்து, கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடுகிறது.

எனக்குப் புல்லரித்துவிட்டது. ஆளுக்கொரு துளி பார்த்திருக்கிறோம், யாரும் முழுசாகப் பார்க்கவில்லை. பூசையில் மணியடிக்கும்போது நிற்பதுபோல அந்தத் திரைக்கு முன்னால் நின்றேன். குழாய் மாற்ற வந்தவருக்கு அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "இது ஒழுகி மூணு வருசம் இருக்கும்ங்க. ஏழு புள்ளைக விழுந்துதான் எடத்தக் காட்டியிருக்கு."

நான் அனுப்பிய பிள்ளை

அவளைச் செல்வி என்று வைத்துக்கொள்வோம். எட்டாவது படித்தாள். அவள் பெயருக்கு மஞ்சள் பதிவுகள் கூடிக்கொண்டே போவதாகக் கருவி ஒருநாள் காட்டியது. தலைவலி என்று டெஸ்க்கில் படுத்திருந்தாள், இது கிளாஸ் டீச்சர். பாத்ரூமில் அழுதாள், இது ஆயா. பரீட்சைத் தாளை வெறுமையாகக் கொடுத்தாள், இது கணக்கு டீச்சர். ஜெனிட்டா டீச்சர் தேதிவாரியாக அடுக்கினார். எல்லாம் செவ்வாய்க்கிழமை. அதே செவ்வாய்களில் நான் பதிந்திருந்தது: எதிர் ஜெராக்ஸ் கடையில் நீலக்கலர் பைக், ஓர் ஆள், ரொம்ப நேரம்.

எல்லாவற்றுக்கும் மேலே, முதல் மாதத்தில் பதிந்த ஒரு வரி இருந்தது. மதியம் செல்வியை அனுப்பியது. உறவு, மாமா. பதிந்தவர், மேரி. எனக்கு அந்த மதியம் நினைவுக்கு வந்தது. வாசலில் நின்றது அதே நீல பைக்தான். செல்வி தலையாட்டினாள். எந்தப் பயத்தில் ஆட்டினாள் என்று நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கு ஒன்று ஆகியிருந்தால் கதவைத் திறந்துவிட்டவள் நான்.

"டீச்சர், அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துற முடியாதா?" என்று கேட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் கேட்டேன். ஜெனிட்டா டீச்சர் என்னைத் திட்டவில்லை. "எடுக்கவும் முடியாது. எடுத்துட்டா அவன் போன் நம்பரும் போயிரும்க்கா. அவனப் பத்தி நம்மகிட்ட இருக்கிறது நீங்க பதிஞ்ச அந்த ஒரு வரிதான்."

எந்த வகையில மாமா

சிஸ்டர் பள்ளியின் பிள்ளைகள் பாதுகாப்புக் குழுவைக் கூட்டி என்னையும் உட்காரச் சொன்னார். பிள்ளையின் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள், நாலு பேர் முன்னால் கேட்பார்கள் என்று நினைத்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. திரையில் வரிசையாகக் கேள்விகள். மிரட்டல் இருக்கிறதா, அவனால் பிள்ளையை நெருங்க முடியுமா, பிள்ளை யாரை நம்புகிறாள். அழுத அன்று முகம் கழுவத் தண்ணீர் கொடுத்தது ஆயாதான் என்பது பதிவில் இருந்ததால், அந்த ஆயாவையே செல்வியிடம் பேச வைத்தார் சிஸ்டர். ஆயாவிடம் செல்வி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அந்த நீல பைக் ஆள் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். ரிப்பேருக்குக் கொடுத்த போனிலிருந்து அவள் படங்களை எடுத்துக்கொண்டு, கூப்பிட்டபோது வராவிட்டால் அப்பாவுக்கு அனுப்புவேன் என்று மிரட்டியிருக்கிறான். அன்று நான் அனுப்பியபோது, ரோட்டு முக்கில் பைக் நின்றதும் இறங்கி வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். அவன் கடைக்குச் செவ்வாய் லீவு. செல்வி சொன்ன அன்றே அவள் அம்மாவுக்கும் குழந்தைகள் உதவி எண்ணுக்கும் மகளிர் போலீசுக்கும் சொல்லியாகிவிட்டது. செல்வியைப் பற்றி அவள் வகுப்பில் ஒருத்திக்கும் தெரியாது. இத்தனை பெரிய காரியத்தை இவ்வளவு சத்தமில்லாமல் செய்யலாம் என்பதே எனக்கு ஆச்சரியம்.

அடுத்த செவ்வாய் அவன் நேராகக் கேட்டுக்கே வந்தான். "செல்வியக் கூப்பிடுங்க, நான் அவ மாமா" என்றான். டேபைத் திருப்பி வைத்துச் சிவப்பை அமுக்கினேன். "எந்த வகையில மாமா?" என்று கேட்டேன். பொன்னமராவதிக்காரரிடம் கேட்ட அதே கேள்விதான் என் வாயில் வந்து உட்கார்ந்திருந்தது. அவன் அம்மா வழி, சின்னம்மா வழி என்று இழுத்துக்கொண்டிருந்தபோது, பெற்றோர் பெஞ்சில் சாதாரணச் சேலையில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் எழுந்து வந்தார்கள். அதில் மூத்தவர் சொன்னார்: "அந்த வகைய நாங்களும் கேக்கணும், தம்பி. ஜீப்புல ஏறிச் சொல்லுங்க."

புலி

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்து பஸ் ஸ்டாப்பில் அவன் கூட்டாளி ஒருவன் பக்கத்தில் வந்து, "கேட்டுக்காரம்மா, ஒங்களுக்கும் அஞ்சு மணி பஸ்ஸுதான?" என்று கேட்டான். கேட்டது அவ்வளவுதான். திட்டவில்லை, தொடவில்லை. ஒன்பது நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, திரும்பித் திரும்பிப் பார்த்து நடந்தேன். கருவி பிள்ளைகளுக்கானது, நமக்கு எதற்கு என்று நினைத்தேன். ஆடு கதையை மறுபடி எடுப்பார்களே என்றும் இருந்தது. பத்தாம் நாள், செல்வி இத்தனை செவ்வாயும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று எனக்குப் புரிந்தது.

பாதிக்கப்பட்டவர் என்ற கட்டத்தில் 'பணியாளர்' என்பதைத் தொட்டு, என் பெயரை நானே சொல்லி, சிவப்பை அமுக்கினேன். பி.டி. சார் விசிலோடு ஓடிவந்தார். டேபை வாங்கிப் படித்தார். சிரிக்கவில்லை. "இது ஆடு இல்லக்கா. சரியான பட்டனத்தான் அமுக்கியிருக்கீங்க."

ஊரார் பிள்ளைகளின் பயத்தையெல்லாம் பதிந்து வைத்த நான், என் பயத்துக்குக் கடைசியில் செய்த பாதுகாப்பு, என் பெயரையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டு, தினமும் சாயங்காலம் பள்ளி வேனில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வீட்டு வாசலில் இறங்குவதுதான்.