ரோல்ஸும் துவக்கும் ஒரு கிராமத்து எலெக்சனும்

1. முதல் நாள்

நான் அந்தக் கடைக்கு வேலைக்குப் போன முதல் நாளே துவக்கோடு ஒருவர் உள்ளே வந்தார். நான் மாப் பிசைந்த பாத்திரத்தோடு ஃப்ரீசருக்குப் பின்னால் குந்திவிட்டேன். வந்தவர் பாலும் பேப்பரும் எடுத்தார், மழையைப் பற்றி நாலு கதை கதைத்தார், போய்விட்டார்.

காசு வாங்குகிற டில்லில் நின்ற மலர் எட்டிப் பார்த்தாள்.

"என்ன மாமி, உங்கை குந்திக்கொண்டு என்ன தேடுறியள்?"

"துவக்கு," என்றேன்.

"அது டோனி. இஞ்சை ஃபெசன்ட் எண்டொரு பறவை இருக்கு, அதைச் சுடப் போறார். துவக்கைக் காருக்குள்ளை விட்டிட்டு வரக்கூடாதாம், அதுதான் உறையோடை தோளிலை கொழுவிக்கொண்டு வாறார். எழும்புங்கோ, எண்ணெய் காயுது."

எழும்பினேன். ஆனால் மத்தியானம் வரை கதவு திறந்த ஒவ்வொரு தரமும் எட்டிப் பார்த்தேன். ஊரில் எங்கள் கிராமத்தில் எலெக்சன் வந்தால் துவக்கு வைத்திருந்தவர்கள் வீட்டுப் படலைக்கு வந்து, ஆருக்குப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வேறு துவக்குக்காரர் வந்து, போடவே வேண்டாம் என்று சொல்லுவார்கள். எங்கள் யோசனையை ஒருவரும் கேட்டதில்லை. அதை விட்டுத்தான் ஓடி வந்தோம். இங்கே ஒருவரும் வெருட்டாமல், சனம் தானாக விரும்பித் துவக்குக்கு வோட்டுப் போடுவதைப் பிறகு கண்டேன். எது கூடின விசர் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

2. குசினி

கடை எசெக்ஸ் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தது. முதலாளி சிவம். ஜெர்மனியில் கன காலம் ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவி, பிறகு லண்டனுக்கு வந்து இந்தக் கடையை எடுத்தவர். மலர் அவருடைய மனிசி. மூன்று பேரும் விடிய லண்டன் மனோர் பார்க்கில் இருந்து சிவம் ஓட்டுகிற வானில் போவோம், பின்னேரம் திரும்புவோம். அவர் முதலாளி என்றாலும் எனக்குத் தம்பி வயது. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்; வயதில் நல்லாய்ச் சின்னவளான மலருக்கு நான் மாமி.

என் வேலை கடையின் பின் அறையில் ரோல்ஸ், பற்றீஸ், வடை பொரிப்பது. முதலில் அந்த ஊர்ச் சனம் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து மூக்கைச் சுளித்தது. பிறகு ஒருவர் வாங்கினார், அதன் பின் பெட்டி மத்தியானத்துக்கு முன் வெறுமையாகிவிடும். டோனிக்கு மீன் ரோல்ஸ் என்றால் உயிர். சுட்ட பறவைகள் காரில் கிடக்க, இங்கே நின்று நாலு ரோல்ஸ் தின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். எனக்கு இங்கிலிஷ் விளங்கும், வாயில் வராது. அவர் "லவ்லி, லவ்" என்றால் நான் தலையை ஆட்டுவேன். அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

அப்படி இருக்க, சாப்பாட்டுச் சுகாதாரம் பார்க்கிற கவுன்சில் ஆள் வந்தார். பின் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, காற்றுப் போக வழியில்லை, சிங்க் போதாது, வேறு குசினி எடுங்கள், இல்லையென்றால் பொரிப்பதை நிற்பாட்டுங்கள் என்று தவணை சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது சரிதான். அந்த அறையில் எனக்கே மூச்சு முட்டும்.

கடைக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சேர்ச் பூட்டிக் கிடந்தது. கும்பிட ஆள் வராமல் பூட்டியது. யன்னலில் புறா இருந்தது. உள்ளே பின்பக்கம் தேத்தண்ணி போடுகிற குசினி, இரண்டு பெரிய சிங்க், புகைபோக்கி எல்லாம் ஒழுங்காக இருந்தது. சிவம் அதை வாடகைக்கு எடுக்கப் பேசி முடித்தார். ஆனால் சேர்ச்சைக் குசினியாக்க கவுன்சில் அனுமதி வேண்டும்.

"அனுமதி வந்தால் அக்கா, நீங்கள் அங்கை ராணி மாதிரி நிண்டு பொரிக்கலாம்," என்றார்.

"வராட்டி?"

அவர் வானைத் திருப்பினார். வராவிட்டால் எனக்கு வேலை இல்லை. இந்த வயதில், இந்தப் படிப்போடு, வாய் திறக்காதவளுக்கு வேறு ஆர் வேலை தருவார்கள்.

3. பஸ்ஸுக்கு அழுத சனம்

அந்த நேரம் பார்த்து அந்த ஊர்க் கவுன்சிலர் செத்துப்போனார். குளிர் தொடங்கக் குளிரோடு எலெக்சனும் வந்தது. இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் ரிட்டயர்ட் ரீச்சர் அம்மா. பஸ்ஸைத் திருப்பிக் கொண்டுவருவேன் என்று வீடு வீடாக நடந்தா. மற்றவர் கிரகாம் என்ற, வயல் செய்கிற கமக்காரர். அவருடைய நோட்டீசில் அவர் ஒரு நாயோடும் துவக்கோடும் நின்றார். பின்னால் அதே பூட்டின சேர்ச். 'எங்கள் ஊர், எங்கள் சேர்ச், எங்கள் வழக்கம்' என்று எழுதியிருந்ததாக மலர் வாசித்துச் சொன்னாள்.

அந்த ஊருக்குப் பஸ் நின்று கன நாள். எதிர் வீட்டு ஜீன் என்ற மனிசி ஒவ்வொரு நாளும் டில்லடியில் நின்று பஸ்ஸுக்கு அழுவா. ஆஸ்பத்திரிக்குப் போக டாக்ஸிக்காரனின் காலில் விழ வேண்டியிருக்கு என்பா. நானும் இந்த அம்மா ரீச்சருக்குத்தான் போடுவா என்று நினைத்தேன்.

"கிரகாமுக்குத்தான்," என்றா ஜீன். "லண்டன்காரர் எங்கடை துவக்கைப் பறிக்கப் பாக்கினம்."

"உங்களிட்டைத் துவக்கு இருக்கா, ஜீன்?" என்று மலர் கேட்டாள்.

"இல்லை. ஆனால் பறிக்கக்கூடாது."

மலருக்குச் சிரிப்பு. "துவக்கு லைசென்ஸ் குடுக்கிறது பொலிஸ் அல்லோ? கவுன்சில் பாக்கிறது குப்பையும் ரோட்டுக் கிடங்கும்தானே?"

"அது தெரியும் டார்லிங். பேந்து இந்தச் சனங்கள் வேறை வந்து நிறையுதுகள்." ஜீன் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினா. "உங்களைச் சொல்லேல்லை. நீங்கள் நல்ல ஆக்கள்."

உங்களைச் சொல்லவில்லை. அந்தக் கடையில் நான் அதிகம் கேட்ட வசனம் அதுதான். அந்தச் சின்ன ஊரில் எங்களை விட்டால் வேறு நிறம் மருந்துக்கும் இல்லை. பிறகு ஆரைத்தான் சொன்னார்கள்?

டோனியும் கிரகாமுக்குத்தான். காரணம் கேட்கத் தேவையில்லை, தோளில் தொங்கியது.

4. பொன்னாடை

எங்கள் சிவம் கணக்குப் பார்த்தார். கிரகாம்தான் வெல்லுவார், வெல்லப்போகிறவரைக் கையுக்குள் போட்டால் குசினிக்கு அனுமதி வந்துவிடும் என்பது அவருடைய கணக்கு. கையுக்குள் போட எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. லண்டனில் எந்த அரசியல்வாதி கோயில் வாசலை மிதித்தாலும் என்ன செய்வார்களோ, அதைத்தான் இவரும் செய்தார். கிரீன் ஸ்ட்ரீட்டில் சிவப்பில் சரிகைக் கரை போட்ட பொன்னாடை வாங்கினார். ஒரு பூமாலையும் கட்டுவித்தார்.

"தம்பி, இது கோயிலடியிலை சரி. அங்கை உது வேண்டாம்," என்றேன். வானில் அவருடன் நான் எதிர்த்துக் கதைத்தது அந்த ஒருதரம்தான்.

"அக்கா, மரியாதை செய்தால் ஆருக்குத்தான் பிடிக்காது? நீங்கள் சும்மா இருங்கோ."

நான் பூமாலைப் பையை மடியில் வாங்கி வைத்தேன்.

ரோல்ஸ் வாங்க வழக்கமாக வருகிற கிரகாம், சிவம் கூப்பிட்ட நாளில் கடைக்கு வந்தார். சிவம் பிள்ளையார் படத்துக்கு முன்னால் அவரை நிறுத்தி, பொன்னாடையைப் போர்த்தி, மாலையைப் போட்டார். மலர் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். கிரகாமின் முகம் அந்தச் சால்வையைவிடச் சிவந்தது, ஆனால் மனிசன் சிரித்தார். "வெரி கைண்ட்" என்று மூன்று தரம் சொன்னார். என்னையும் படம் எடுக்க வா என்றார்கள். நான் போகவில்லை. ரோல்ஸ் தட்டை நீட்டின என் கை மட்டும் படத்தின் ஓரத்தில் விழுந்தது.

அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சிவம் அந்தப் படத்தைப் பெரிதாக அடித்துக் கடை யன்னலில் ஒட்டினார். கீழே 'நாங்கள் கிரகாமுடன்' என்று கொட்டை எழுத்தில்.

அடுத்த நாள் காலையில் ஜீன் பால் வாங்க மறந்துபோய் யன்னலடியில் நின்றா.

"கிரகாமின்ரை நெத்தியிலை என்ன, இரத்தமா?"

"இல்லை, குங்குமம். ஆசீர்வாதம்," என்றாள் மலர்.

"அப்ப அவன் மாறிட்டானா?"

பின்னேரத்துக்குள் கதை ஊர் முழுக்கப் போய்விட்டது. கிரகாம் அவங்களுடைய சமயத்துக்கு மாறிவிட்டான். சேர்ச்சை அவங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். குசினி என்பது பொய், அங்கே பள்ளிவாசல் வரப்போகிறது. பிள்ளையாருக்கு எங்கே பள்ளிவாசல் கட்டுவது என்று அந்தச் சனத்திடம் கேட்டுப் பிரயோசனமில்லை. புறா எச்சம் போட்ட சேர்ச்சுக்குள் காலெடுத்து வைக்காத ஆட்கள் எல்லாம் அதன் வாசலில் நின்று கவலைப்பட்டார்கள்.

சிவம் பயந்துபோனார். பயத்தில் அவர் செய்த வேலைதான் எனக்கு இன்னும் அருவருப்பு.

"நாங்கள் முஸ்லிம் இல்லை, இந்து," என்று வந்த ஒவ்வொருவருக்கும் சொன்னார். "அவையை எங்களுக்கும் பிடிக்காது. இப்ப வாற ஆக்களை நிப்பாட்டத்தான் வேணும். நானும் அதைத்தான் சொல்லுறன்."

சொன்னவர் ஜெர்மனிக்கு லொறியின் பின்னால் ஒளிந்து வந்தவர். அந்தக் கதையைக் குடித்தால் அவரே சொல்லி அழுவார். அந்தப் பக்கம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டவர்களும் அவரை நம்பவில்லை. இவங்களே இவங்களை வேண்டாம் என்கிறாங்கள் என்று சிரித்துக்கொண்டுதான் போனார்கள்.

"ஏன் பிள்ளை உந்தக் கதை?" என்று மலரிடம் கேட்டேன்.

"கடை ஓட வேணும் மாமி," என்றாள். அவளும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

5. பொலித்தீன் பை

எலெக்சனுக்கு முந்தின சனிக்கிழமை, கடை நிறைய ஆட்கள் நிற்கிற நேரமாகப் பார்த்துக் கிரகாம் வந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை. அதை டில்லின் மேல் வைத்தார். உள்ளே பொன்னாடை மடித்தபடி இருந்தது. காய்ந்த மாலையையும் எறியாமல் கொண்டுவந்திருந்தார்.

"இதை நான் வைச்சிருக்கேலாது," என்றார். சத்தமாகத்தான் சொன்னார், எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்றே. "நல்ல மனசோடை தந்தியள், தெரியும். ஆனால் சேர்ச் சேர்ச்தான். நான் வெண்டால் அங்கை கடையோ குசினியோ வர விடமாட்டன்."

பின்னால் நின்ற ஒருவர் கைதட்டினார். கிரகாம் போகும்போது வழக்கம்போல இரண்டு மட்டன் ரோல்ஸ் வாங்கினார். அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. நான் பொரித்ததைக் கையில் பிடித்துக்கொண்டு, என் வேலையை முடித்துவிட்டுப் போனார்.

சிவம் யன்னலில் இருந்த படத்தை உரித்தார். பசை கூடிப்போய் பாதிதான் வந்தது. கிரகாமின் வாயும் மாலையும் கன நாள் கண்ணாடியில் ஒட்டிக்கிடந்தன.

கிரகாம் வென்றார். கிட்டவும் வர ஆள் இல்லை. ரீச்சர் அம்மா அடுத்த நாள் கடைக்கு வந்து தேயிலை வாங்கினா. ஜீன் அவவுக்கு முன்னாலேயே மலரிடம், ஆஸ்பத்திரிக்குப் போகப் பஸ் இல்லை என்று அழுதா.

கிரகாம் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். எலெக்சனில் சொன்னதைச் செய்த ஒரே அரசியல்வாதியை நான் கண்டது அங்கேதான். கவுன்சிலில் எழும்பி நின்று கதைத்தார். குசினிக்கு அனுமதி இல்லை என்று வந்தது. அந்தச் சேர்ச் இன்றைக்கும் பூட்டித்தான் கிடக்காம், கூரையும் ஒழுகத் தொடங்கிவிட்டதாம்.

6. கடைசி நாள்

பொரிப்பதை நிற்பாட்டின பிறகு, எண்ணெய்த் தாச்சிகளைக் கழுவி வானில் ஏற்ற ஒருக்கால் போனேன். கண்ணாடிப் பெட்டி துடைத்து வெறுமையாகக் கிடந்தது. மலர் ஸ்டோரில் இருந்தாள். முன்னுக்கு நான் மட்டும்.

டோனி வந்தார். தோளில் துவக்கு. பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ரோல்ஸ் எங்கை, லவ்?"

"ஃபினிஷ்," என்றேன்.

"நாளைக்கு?"

"நோ நாளைக்கு. நோ கிச்சன்." சேர்ச் இருந்த பக்கம் கையைக் காட்டினேன். "கிரகாம்."

அவருக்கு விளங்கவில்லை. நெற்றியைச் சுருக்கினார். "கிரகாம் நல்ல ஆள். துவக்குக்காக நிண்டவர். உங்கடை ரோல்ஸுக்கும் அதுக்கும் என்ன?"

மலரைக் கூப்பிடலாம் என்று பார்த்தேன். கூப்பிடவில்லை.

"யூ வோட் கன்," என்றேன். "நோ வோட் ரோல்."

அந்தக் கடையில் நான் கதைத்த நீளமான இங்கிலிஷ் அதுதான். டோனி வெறும் பெட்டியைத் திரும்பவும் பார்த்தார். பிறகு பாலும் பேப்பரும் எடுத்தார், காசை மேசையில் வைத்தார். மழையைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை.

வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். உங்கள் கைச் சாப்பாட்டைச் சனம் விரும்பித் தின்றால், அது சாப்பாட்டை விரும்புகிறது. அதற்குமேல் ஒன்றையும் நம்பி, உங்கள் வேலையை அவர்களின் வோட்டில் கொண்டுபோய்க் கட்டாதீர்கள். அவர்கள் வோட்டுப் பெட்டிக்குக் கிட்டப் போனால் பஸ்ஸையும் மறப்பார்கள், வயிற்றையும் மறப்பார்கள். பொன்னாடையைக் கொண்டு பின்னால் ஓடுகிற எங்கள் ஆட்களைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எங்கள் கோயிலடியில் இப்போதும் ஆர் வந்தாலும் போர்த்துகிறார்கள். போர்த்தினவர் வென்ற பிறகு என்ன செய்தார் என்று கேட்கிற ஒருவரை நான் இன்னும் காணவில்லை.

டோனி கதவைத் திறந்து வெளியே போகும்போது உறையோடு துவக்கு கதவில் முட்டித் திரும்பியது, அதன் வாய் என் பக்கம். நான் குந்தவில்லை. தாச்சியைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.