காற்றில் வருவதற்குக் காசு

கட்டாரில் வேலை செய்த சாச்சா, வாப்பாவின் தம்பி, லீவில் வந்தபோது கொண்டுவந்த சாமான்களில் கம்பளியும் பால்மாவும் தைலப் போத்தல்களும் அன்றைக்கே பங்கு போய்விட்டன. யாருக்குக் கொடுப்பதென்று தெரியாமல் கடைசியில் மிஞ்சியது ஒரு வானொலிப் பெட்டி. சும்மா வானொலி இல்லை. அதிலிருந்து நீண்ட வயரின் முனையில் பள்ளிக்கூடக் கொப்பி அட்டை அளவில் ஒரு தட்டு இருந்தது. அந்தத் தட்டைக் கிழக்கு வானத்தைப் பார்க்க வைத்தால் செய்மதியிலிருந்து நேரே நிகழ்ச்சிகள் இறங்கும். கேள்விப்பட்ட நாடுகள், கேள்விப்படாத நாடுகள், பாட்டு, செய்தி, குர்ஆன் ஓதல், எல்லாம். முதல் மூன்று மாதம் இலவசம். பிறகு மாதாமாதம் சந்தா கட்ட வேண்டும்.

வாப்பாவுக்கு அந்தக் கடைசி வசனம் மட்டும்தான் காதில் விழுந்தது.

"காத்துல வாறதுக்குக் காசா? நாளைக்குக் கடல் காத்துக்கும் பில் அனுப்புவானுகள்."

"நானா, இது டிஜிட்டல்" என்றார் சாச்சா. "இரைச்சலே வராது. ஒண்டு, கண்ணாடி மாதிரிக் கேக்கும். இல்லாட்டி, கேக்கவே கேக்காது. நடுவுல ஒண்டுமில்ல."

எனக்கு அப்போது பத்து வயது. நடுவில் ஒன்றுமில்லாத அந்தப் பொருளின் மேல் எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. கூட வந்த ஆங்கிலத் துண்டுப் பிரசுரத்தை அகராதியை வைத்துக்கொண்டு கரைத்துக் குடித்தேன். சாச்சா திரும்பிப் போவதற்குள் அலைவரிசைகளின் இலக்கமெல்லாம் எனக்குப் பாடம். எங்கள் ஊர் கற்பிட்டியிலேயே செய்மதி வானொலியைப் பற்றி அதிகம் தெரிந்த ஆள் நான்தான் என்று நம்பினேன். போட்டிக்கு வேறு யாரும் இல்லாததால் அது உண்மையாகவும் இருந்திருக்கலாம்.

இலவச மாதங்கள் முடிந்ததும் பெட்டியை அலுமாரிக்கு மேலே ஏற்றிவிடுவது என்று வாப்பா முடிவு செய்திருந்தார். சந்தா கட்டவைப்பது என்று நானும் முடிவு செய்திருந்தேன். இப்படி இருக்கும்போதுதான் மாமா மவுத்தானார்.

மாமா என்றால் மாமியின் புருஷன். மாமி, வாப்பாவின் மூத்த சகோதரி, அவருடைய ராத்தா. எங்கள் வீடும் மாமியின் வீடும் ஒரே கூரையின் கீழே ஒட்டியிருந்தன. நடுவில் ஒரு சுவர், முன்னால் ஒரே முற்றம். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. உப்பளத்துக்கு வேலைக்குப் போன மாமா அங்கேயே சரிந்து விழுந்து இறந்தார், அவ்வளவுதான். மாமி வெள்ளைச் சீலை உடுத்து இத்தாவில் இருந்தார். நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகக்கூடாது, அந்நிய ஆண்களின் முன்னால் வரக்கூடாது.

மாமியைத் தெரிந்தவர்களுக்குத்தான் அதன் பாரம் தெரியும். ஆலங்குடாவில் கலியாணம் என்றால் மாமி அங்கே முதல் நாளே ஆஜர். புத்தளத்தில் ஒரு பிள்ளை பிறந்தால் அதன் மூக்கு யாருடைய மூக்கு என்று தீர்ப்புச் சொல்வது மாமி. வீட்டில் அவர் இருக்கும் நேரம், குடையை வைத்துவிட்டு மறுபடி எடுக்கிற நேரம் மட்டும்தான். அப்படிப்பட்டவர் ஒரு கட்டிலில் உட்கார்ந்திருக்க, ஊர்ப் பெண்கள் முறை வைத்து வந்து அவரைப் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"என்ன நடந்த மாமி? காலையில நல்லாத்தானே போனாராம்?"

மாமி முதலிலிருந்து சொல்லுவார். அவர் முடிக்கும்போது அடுத்தவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் வாப்பா எங்கள் வீட்டுக் கூடத்திலிருந்த வானொலியை வயரோடு தூக்கிக்கொண்டு மாமியின் பக்கம் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"எங்கட பக்கம் சரியா இழுக்குதில்ல ராத்தா. உங்கட ஜன்னலடியிலதான் வானம் தெளிவா இருக்கு."

மாமியின் ஜன்னல் கிழக்கே களப்பு நீரைப் பார்த்தது, அது உண்மைதான். ஆனால் மாமி எரிந்து விழுந்தார்.

"இத்தா இருக்கிற வீட்டுல ரேடியோவா? ஊர் என்ன கதைக்கும்? எனக்கு ஒண்டும் வாணாம், கொண்டு போ."

"உங்களுக்கு ஆரு தந்த? இது எனக்கு, நியூஸ் கேக்க. ஓதலும் போகும். விருப்பமில்லாட்டிக் காதப் பொத்திக்கிட்டு இருங்க."

தாய் இல்லாத வாப்பாவைத் தூக்கி வளர்த்தவர் மாமி. அவர் தம்பிக்குக் கொடுப்பார். தம்பியிடமிருந்து ஒரு தேங்காய்கூட வாங்கமாட்டார். தம்பி தன் சாமானைத் தன் இஷ்டத்துக்கு வைப்பதைத் தடுக்க மட்டும் அவருக்கு வழி தெரியவில்லை.

அன்றிலிருந்து வாப்பா பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்து, அந்த ஜன்னலுக்கு வெளியே கதிரை போட்டு உட்கார்ந்து ஆங்கிலச் செய்தி கேட்டார். வாப்பாவுக்குத் தெரிந்த ஆங்கிலம் லொறியின் முன்னாலும் பின்னாலும் எழுதியிருப்பது. இரண்டு தலைப்புச் செய்திக்குள் தலை தொங்கிவிடும். விழித்ததும், "நிப்பாட்டிராதீங்க ராத்தா, நிப்பாட்டினாத் திரும்பப் புடிக்கிறது கஷ்டம்" என்று சொல்லிவிட்டு, மீன் காயப்போடும் தன் கருவாட்டு வாடிக்குப் போய்விடுவார்.

"இல்ல வாப்பா, ஒரு பட்டன்தானே? அமத்தினா உடனே வரும்" என்று நான் விளக்கினேன். வாப்பா கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

எனக்குத் தாங்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூட நேரம் போக மீதி நேரமெல்லாம் தட்டை ஏந்திக்கொண்டு முற்றம் முழுக்க அலைந்து, எங்கள் கிணற்றடியில் வானம் மாமியின் ஜன்னலை விட நன்றாக இருப்பதைக் கண்டுபிடித்தேன். வாப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். பெட்டி மணி போலக் கேட்டது.

வாப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். "இரையுது" என்றார்.

"வாப்பா! இது இரையவே இரையாது! டிஜிட்டல்!"

"எனக்கு இரையுது."

"ஒண்டு கேக்கும், இல்லாட்டி..."

குசினியிலிருந்து உம்மா சத்தம் போட்டார். "மகள், வாப்பாட காதுக்கு இரையுதெண்டா இரையுது. நீ வந்து இந்த வெங்காயத்த உரி."

படிப்பு இல்லாத குடும்பத்தில் பிறந்த விஞ்ஞானியின் துயரம் எனக்கு அன்றைக்கு விளங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம் உதவி செய்தது.

பெட்டி மாமியிடமே திரும்பிப் போனது. மாமி அதைத் திட்டிக்கொண்டே இருந்தார். ஆனால் திட்டுகிற ஆளின் கை சும்மா இருக்கவில்லை. ஏதோ ஒரு நாட்டின் அலைவரிசையில் ஒரு பெண் கதைப்பதைக் கண்டுபிடித்து, அங்கேயே நிறுத்திவிட்டார். என்ன பாஷை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தப் பெண் கதைப்பாள், சிரிப்பாள், யாரோ அவளுக்குப் போன் எடுப்பார்கள், மறுபடி சிரிப்பாள்.

"மாமி, இது விளங்குதா உங்களுக்கு?"

"இண்டைக்கு இவளுக்குக் கோவம். அந்தப் போன்ல வந்தவன் என்னத்தயோ செல்லிட்டான்."

"பன்னிரண்டாம் சனல்ல நல்ல கதையெல்லாம் போகுது மாமி. விளங்குற பாஷையில."

"விளங்குற கத எனக்குப் போதும் புள்ள" என்றார் மாமி. "இவள் ஒண்டும் கேக்கமாட்டாள்."

வானொலி எப்படிக் கேள்வி கேட்கும்? இதைக்கூடத் தெரியாதவர்களுக்கு நடுவில் இருக்கிறேனே என்று நினைத்தேன்.

இலவச மாதங்கள் முடிந்த அன்று பெட்டி மௌனமானது. சந்தா கட்டச் சொல்லும் வரி மட்டும் அதன் சின்னத் திரையில் ஓடியது. "நல்லதாப் போச்சு, தலையிடி விட்டுது" என்றார் மாமி. அன்று வந்த பெண்களிடம் அவர் முதலிலிருந்து சொல்லும் சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது.

என்னுடைய நேரம் வந்துவிட்டதென்று தெரிந்தது. பேச்சுப் போட்டிக்கு நிற்பதுபோல வாப்பாவின் முன்னால் நின்றேன். உலக அறிவு, ஆங்கில அறிவு, ஒலியின் தூய்மை, எதிர்காலத்தில் என் படிப்பு என்று ஒன்றையும் விடவில்லை. "ஆகவே தலைவர் அவர்களே" என்றுகூட ஒரு இடத்தில் வந்துவிட்டது. வாப்பா ஒரு தடவையும் குறுக்கே கதைக்காமல் கேட்டார்.

"சரி" என்றார். "நீ செல்றதுலயும் ஒரு ஞாயம் இருக்கு."

அடுத்த லொறியிலேயே கொழும்புக்குக் காசு போனது, பிறகு மாதாமாதமும் போனது. வாப்பாவையே மாற்றிவிட்ட என் பேச்சைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் ஒருவரையும் விடாமல் சொன்னேன். களப்புப் பக்க ஜன்னலில் அந்தப் பெண் மறுபடி சிரிக்கத் தொடங்கினாள். மாமி மறுபடி பெட்டியைத் திட்டத் தொடங்கினார்.

இத்தா முடிந்தது. மாமி குளித்து, நிறச் சீலை உடுத்து, வாசலில் கொஞ்ச நேரம் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். பிறகு குடையை எடுத்தார். இரண்டு கிழமைக்குள் அவரை வீட்டில் பிடிப்பது மறுபடி கஷ்டமானது.

அந்த மாதச் சந்தா முடிந்தபோது வாப்பா கட்டவில்லை. வாடியில் கருவாட்டுச் சாக்குகளின் நடுவில் போய் நின்று, ஏன் என்று கேட்டேன்.

"காசுக்குப் பெறுமதி இல்ல மகள்."

"போன மாசம் பெறுமதி, இந்த மாசம் இல்லையா? அதே சனல்தானே? அதே விலைதானே? நீங்க நியூஸ் கேக்குறல்லயா?"

"நியூஸெல்லாம் ஒண்டுதான்."

அந்த நேரம் பார்த்து மாமி ஆலங்குடாவில் ஒரு கலியாண வீட்டுக்குப் போகிற வழியில் வாடியை எட்டிப் பார்த்தார். பெட்டியின் பரம எதிரி. இருந்தும் எனக்கு வேறு சாட்சி இல்லை.

"மாமி, நீங்களாவது செல்லுங்க. அதுக்குக் கட்டின காசு பெறுமதியா, இல்லையா?"

இல்லை என்றுதான் சொல்வார் என்று பயந்தேன். மாமி என்னைப் பார்க்கவில்லை. வாப்பாவைப் பார்த்தார்.

"பெறுமதிதான் தம்பி" என்றார். "ஒரு சல்லியும் வீண் போகல்ல."

வாப்பா ஏற்கெனவே கட்டியிருந்த சாக்கின் வாயை அவிழ்த்து மறுபடி கட்டினார். மாமி குடையை விரித்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார்.

"கேட்டீங்கதானே வாப்பா? மாமியே செல்றாங்க. பிறகென்ன, கட்டுங்களேன்!"

வாப்பா சிரித்தார். கருவாட்டு வாசம் வீசும் கையால் என் தலையைத் தடவினார். கட்டவில்லை.

முழு வீடும் என் பக்கம் வந்த பிறகும் எப்படித் தோற்றேன் என்று வீடு வரும் வழி முழுக்க யோசித்தேன். நான் இன்னும் கொஞ்சம் பேசியிருக்க வேண்டும் என்றுதான் அன்றைக்குப் பட்டது.