என் மூன்று பக்கங்களை வெட்டிய போட்டியாளர்

இரண்டு வாரத்துக்கு முன், ஒரு ஞாயிறு மாலை, சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் டீக்கடை ஒன்றில் என் போட்டியாளரைப் பார்க்கப் போனேன். பாராட்ட அல்ல… சந்தேகம் தீர்க்க!

விஷயம் இதுதான். ஒரு இணையதளத்தில் நாவல் போட்டி. பத்து எழுத்தாளர்கள், ஆளுக்கொரு மாதிரி அத்தியாயம். வாசகர்கள் படித்துவிட்டு முன்பதிவு செய்ய வேண்டும். ஒரு மாதத்தில் அதிக முன்பதிவு பெறும் மூன்று நாவல்கள் அந்தப் பணத்திலேயே அச்சாகும்.

நான் வாரா வாரம் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவள். எனக்கென்ன கவலை? அப்படித்தான் நினைத்தேன். பாதி மாதம் போனபோது நான் ஏழாவது இடம். முதலிடம் அன்பரசன் — ஜூரோங்கில் கப்பலுக்குப் பெயிண்ட் அடிப்பவர், முதல் நாவல்!

"கூட வேலை செய்றவங்க எல்லாரும் உங்களுக்கு முன்பதிவு போட்டுட்டாங்களா?" என்று கேட்டேன். குரலில் கொஞ்சம் விஷம் இருந்தது.

"ஆமாக்கா. ஆனா சும்மா போடல. கம்பெனி பஸ்ல தினம் ரெண்டு பக்கம் படிச்சுக் காட்டினேன். மிச்சக் கதைய கேட்டு நச்சரிச்சாங்க. புக்கு வந்தாதான்னு சொல்லிட்டேன்."

நான் டீயை எடுத்து உறிஞ்சினேன். அவரே தொடர்ந்தார்.

"உங்களதும் படிச்சேன்க்கா. தப்பா நெனைக்காதீங்க… மூணு பக்கம் மழையே பெய்யுது. நாலாவது பக்கத்துலதான் அந்தப் பொண்ணு கல்யாண மண்டபத்த விட்டு டாக்சில ஏறுது. அங்க ஆரம்பிச்சிருக்கலாமே?"

எம்ஆர்டி ரயிலில் என் நிறுத்தமான கிளமெண்டி வரும்வரை அவரை மனசுக்குள் திட்டினேன். இருபது வருஷமாக எழுதுகிறேன், எனக்கே பாடமா? வீட்டுக்கு வந்து அத்தியாயத்தைத் திறந்தேன். படித்தேன். மூன்று பக்கமும்… மழைதான்.

வெட்டினேன். வலித்தது. விதிப்படி மாதிரியை மாற்ற அனுமதி உண்டு, மாற்றினேன். மறுநாள் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே மூன்று தோழிகளை உட்கார வைத்து உரக்கப் படித்தேன். டாக்சி கிளம்பும் இடத்தில் நிறுத்தினேன்.

"ஏய், டாக்சி எங்க போச்சு? சொல்லு லா!" என்றாள் ஒருத்தி.

"புக்கு வந்தாதான்!"

மூவரும் முன்பதிவு செய்ய அங்கேயே போனை எடுத்தார்கள். அடுத்தடுத்த நாள்களில் நூலக வாசலிலும் அலுவலக கேன்டீனிலும் படித்தேன். முன்பெல்லாம் 'ஆதரவு தாருங்கள்' என்று கெஞ்சிக்கொண்டிருந்தவள், இப்போது கதையைக் கொடுத்தேன்.

நேற்று முடிவு. அன்பரசன் முதலிடம். நான்? மூன்றாவது! என் நாவல் அச்சுக்குப் போகிறது.

போனில் அவரைக் கேட்டேன்: "போட்டியில இருந்துகிட்டு எனக்கு ஏன் உதவி செஞ்சீங்க?"

"அந்தப் பொண்ணு தப்பிச்சுதான்னு எனக்குத் தெரியணும்லக்கா."

தோற்கடிக்க வேண்டிய ஆளை வாசகராக்கிவிட்டேன் — இதைவிடப் பெரிய வெற்றி எந்தப் போட்டியில் கிடைக்கும்?