செல்மர் அடைத்த குழாய்

செல்மர் என்ற பெயரை ரக்னா முதன்முதலில் கேட்டது கல்யாணத்துக்கு முந்தின வாரம், மாமியாரின் வாயால். "ரோட்டுக்கு வடக்கே இருக்கானே, உன் புருஷனோட பெரியப்பா மகன். அவன் சாப்பிட உக்காந்தா வெண்ணெயை உன் பக்கம் இழுத்து வச்சுக்க." ரக்னா சிரித்தாள். முதல் தேவாலய விருந்திலேயே சிரிப்பு போய்விட்டது. செல்மர் உருளைக்கிழங்கு ரொட்டிகளை அள்ளிக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு, அதே விரலால் பொது வெண்ணெயை வழித்து நக்கினான்.

ரெட் ஆற்றுச் சமவெளியில் ஒரு சாண் உயரம்தான் சொத்து. ரக்னாவின் வயல் தண்ணீர் ரோட்டுக்கு அடியில் போகும் குழாய் வழியே செல்மரின் வயலில் இறங்கித்தான் ஆற்றைச் சேர வேண்டும். எத்தனை பகையானாலும் குழாயில் எவரும் கை வைப்பதில்லை. ஒரு வசந்தத்தில் பனி உருகியபோது, தன் வயல் சீக்கிரம் காயட்டும் என்று செல்மர் அதைப் பலகையும் மண்மூட்டையும் வைத்து அடைத்தான். ரக்னாவின் சர்க்கரை பீட்ரூட் வயல் ஏரியானது. பன்றிக் கொட்டகையின் சாணிக்குழி பொங்கிக் கிணற்றில் கலந்தது. பதினோரு பன்றிகள் வயிறு ஊதி மிதந்தன.

"அத்தான், எங்க கிணத்துல பன்னிப் பீ மெதக்குது. குழாயைத் தொறங்க," என்றாள் ரக்னா.

செல்மர் புகையிலைச் சாற்றைத் துப்பினான். "உங்க பன்னிதானேம்மா? என்னைக் கேட்டா பேளுது?"

பேராசையில் அவன் ஒன்றை மறந்தான். அந்த ஆறு வடக்கே ஓடுவது. இங்கே உருகும்போது அங்கே பனிக்கட்டி இறுகிக் கிடக்கும். ஆறு திரும்பி ஏறும். நான்காம் நாள் வடக்கிலிருந்து வந்த வெள்ளம் தெற்கே பரவ வழியின்றி ரோட்டில் முட்டி, செல்மரின் சமையலறைக்குள் நின்றது. படகில் ரக்னாவின் வீட்டுக்கு வந்து அவள் புருஷனைக் கூப்பிட்டான்.

"ஐனார், டிராக்டரை எடு. பலகை எனக்கு அசையல."

"உங்க பலகைதானே அத்தான்? எங்களைக் கேட்டா அடைச்சீங்க?" என்றாள் ரக்னா. புருஷனிடம் திரும்பினாள். "தொறந்தா நம்ம வீட்டுக்குள்ள வரும். இந்த வருஷம் விதைப்பே கிடையாது."

"ரத்த சொந்தம்டி," என்று ஐனார் போனான்.

சாணித் தண்ணீர் அவள் கட்டில்கால் வரை வந்தது. ஆற்றோர வயல் முதலில் காய்ந்ததால் செல்மர் நேரத்துக்கு விதைத்தான். ரக்னாவின் வயல் ஜூன் வரை நாறியது. அறுவடை முடிந்ததும் செல்மர் அவள் வீட்டுக்கே விருந்துக்கு வந்து, வெண்ணெய் கைக்கிறது என்றான்.

செத்தபோது அவன் தனக்கென்று கல்லறை இடம்கூட வாங்கியிருக்கவில்லை. ஐனார் ரக்னாவைக் கேட்காமல் ஓர் இடம் கொடுத்தான். பிறகு ஐனாரும் போய்ச் சேர்ந்தான். செல்மர் இப்போது தேவாலய மேட்டில், ஐனாருக்கு இடப்பக்கம், ரக்னாவுக்கு வாங்கிய இடத்தில் கிடக்கிறான்.