சடங்கு நோட்டீசின் கடைசி வரி

என் மனைவியின் தம்பி கொழும்பில் கம்பியூட்டர் வேலை பார்க்கிறான். லீவில் வந்தால் அவனுக்குக் கை சும்மா இருக்காது. இந்த வைகாசிக்கு வந்தவன், நான் வீட்டுக்குச் சோறு தின்னப் போயிருந்த நேரம் என் கடைக்குள் இருந்துகொண்டு, என்னைக் கேட்காமலே ஒப்பரேட்டிங் சிஸ்டத்தை மாற்றிப் புதிதாகப் போட்டுவிட்டான்.

"பழசு இனிப் பாதுகாப்பில்ல அத்தான். வைரஸ் வந்தா எல்லாம் போயிரும்."

"வைரஸ் வரல்ல. நீதான் வந்திருக்காய்."

அவன் சிரித்தான். அவன் சிரிப்பதற்காக நான் சொல்லவில்லை.

என் கடை சின்னக் கடை. போட்டோகொப்பி, டைப்பிங், கல்யாணக் காட், மரண அறிவித்தல். ஆனால் ஊர் என்னை மதித்தது ஒரே ஒரு வேலைக்காக: கண்ணகி அம்மன் சடங்கு நோட்டீஸ். வைகாசித் திருவிழாவில் எந்த நாள் எந்தக் குடியின் பூசை என்று அதில் வரும். எங்கள் பக்கத்தில் குடி என்கிற வம்சம் தாய்வழியில் வருவது. என் பிள்ளைகள் என் குடி இல்லை, மனைவியின் குடி. நான் உன்னிச்சையில் வயல்காரர் வீட்டில் பிறந்து, கல்யாணம் கட்டி இங்கே மனைவி வீட்டுக்கு வந்தவன். தலை நரைத்துவிட்டது, இன்னும் ஊருக்கு நான் மருமகன்தான்.

நோட்டீசில் எல்லாக் குடிக்கும் ஒரே அளவு எழுத்து. ஒன்று கொஞ்சம் பெரிதாய்ப் போனாலும் சண்டை. கோயிலை நடத்தும் வண்ணக்கர் ஒவ்வொரு வருடமும் கடை வாசலில் நின்று "போன வருசம் போல" என்பார். நானும் போன வருடக் கோப்பைத் திறந்து திகதியை மட்டும் மாற்றி அடிப்பேன். வெளியூர்க்காரன், யார் பக்கமும் சாயமாட்டான் என்றுதான் என்னிடம் அந்த வேலையைத் தந்திருந்தார்கள். இந்த ஊரில் நான் காலூன்றி நின்றது அந்த ஒரு தாளில்தான்.

சிஸ்டம் மாறிய பிறகு அந்தக் கோப்பைத் திறந்தேன். தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியும் கலந்து கஞ்சல் குப்பை மாதிரிக் கிடந்தது. நான் காலமெல்லாம் டைப் பண்ணிய பழைய எழுத்துரு, அவன் பழைய சிஸ்டத்தைத் துடைத்துப்போட்டதில் போய்விட்டது.

"யூனிகோட்டுக்கு மாறுங்க அத்தான். இதெல்லாம் பழைய காலம்."

"என்ட கோப்பு முழுக்கப் பழைய காலம்தான். வாயப் பொத்து."

ஒரு பழைய பென்டிரைவில் அந்த எழுத்துரு கிடைத்தது. போட்டேன், தமிழ் வந்தது. பிறகு பிரிண்டர். கம்பியூட்டர் அதைக் கண்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. கழற்றினேன், மாட்டினேன், பட்டியலிலிருந்து அழித்துத் திரும்பச் சேர்த்தேன். கடைசியில் என் போன் டேட்டாவில் டிரைவரை இறக்கிப் போட்ட பிறகுதான் அசைந்தது. அடித்துப் பார்த்தால் இன்னொரு கோளாறு. முன்பு ஒரே பக்கத்தில் நின்ற நோட்டீசின் கடைசி வரி மட்டும் இரண்டாம் பக்கத்துக்குத் தாவியிருந்தது.

மகளை ரியூசனுக்கு ஏற்றிப்போக வேண்டிய நேரம். "மறுகா வந்து பாக்கன், நீ கை வையாத" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். வந்தபோது மேசையில் நோட்டீஸ் இல்லை.

"முடிச்சிட்டன் அத்தான்! ஒரே பக்கத்தில வந்திட்டு. கோயில் ஆக்கள் வந்து கொண்டு போயிட்டாங்க."

அடுத்த நாள் விடிய, தேத்தண்ணிக் கடைச் சுவரில் பார்த்தேன். மற்ற எல்லாக் குடியும் பெரிய எழுத்தில் நின்றன. கடைசிக் குடி எறும்பு அளவில் கிடந்தது. வரியைப் பக்கத்துக்குள் இழுக்க அவன் அந்த ஒரு வரியின் எழுத்தைச் சின்னதாக்கியிருக்கிறான். அது என் மனைவியின் குடி. அவனுடைய குடியும் அதுதான்.

கோயில் வாசலுக்கு ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார்கள். வண்ணக்கர் தாளை நீட்டினார்.

"என்ன மருமகன் இது? ஒங்கட பிள்ளைகள்ற குடிதானே?"

"நான் செய்யல்ல மாமா. இவனக் கேளுங்க."

மனைவியின் தம்பி பக்கத்தில்தான் நின்றான். போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. மனைவியின் பெரியப்பா என் முன்னால் வந்தார்.

"அவன் கொழும்பில கம்பியூட்டரோட கிடக்கிறவன். அவனுக்கு ஒரு தாள் அடிக்கத் தெரியாதா? தன்ட குடிய அவன் ஏன் சின்னனாக்கப் போறான்? உன்னிச்சையான் வயித்தெரிச்சலக் காட்டிப் போட்டான்."

கூட்டம் தலையாட்டியது. இத்தனை நாளும் வெளியூரான் என்பதால் என்னை நம்பியவர்கள், அதே காரணத்தால் அன்று நம்பவில்லை. அவன் வாய் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும்.

கடைக்குப் போய் உட்கார்ந்தேன். கோளாறு கண்டுபிடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. புது சிஸ்டம் தாளின் அளவைத் தானாகவே அமெரிக்கத் தாளுக்கு மாற்றி வைத்திருந்தது. அது நம்முடைய ஏ4 தாளைவிடக் கொஞ்சம் கட்டை. அளவை மாற்றினேன், கடைசி வரி தன் இடத்துக்கு வந்தது. அவ்வளவுதான் வேலை. திரும்ப அடித்து, பசை வாளியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு சுவராகப் போய்ப் பழையதன் மேல் ஒட்டினேன்.

"நல்லா அமத்தி ஒட்டுங்க மருமகன், வாவிக் காத்துக்குப் பறந்திரும்" என்று ஒருத்தி வேலிக்குள் நின்று சொன்னாள். உள்ளே சிரிப்புக் கேட்டது.

மனைவியின் குடிக்குரிய பூசை நாளில் பெரியப்பா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். என்னைப் பார்க்காமல் மனைவியிடம், "நீயும் பிள்ளைகளும் வெள்ளன வாங்க. அவர் கடையப் பாக்கட்டும்" என்றார்.

அவள் மறுத்துப் பேசுவாள் என்று நினைத்தேன். அவள் மகளுக்குத் தலை பின்னினாள்.

"தம்பி தெரியாமச் செஞ்சிட்டான். நீங்க பாத்திருக்கலாம்தானே" என்றாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனாள். தம்பியும் வேட்டி கட்டிக்கொண்டு அவர்களோடு போனான். நான் அதற்குள் கடைக்கு வந்திருந்தேன்; போகிற வழியில் உள்ளே தலையை நீட்டினான்.

"அத்தான், இப்ப நல்ல ஸ்பீட் தானே?"

ஓம், நல்ல ஸ்பீட். அமத்தினால் உடனே திறக்கிறது. அடுத்த வருட நோட்டீசை டவுனில் அடிப்பதாக வண்ணக்கர் ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார். கோயிலில் பறை கேட்கத் தொடங்கியபோது சடங்குக் கோப்பைத் தேடி அழித்தேன். உண்மையாகவே அழிக்கவா என்று கம்பியூட்டர் என்னைக் கேட்டது. மனைவி வீட்டில் எவருக்கும் இல்லாத மரியாதை அதற்கு இருக்கிறது.