தூங்காத மூக்கு

தங்கைக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. மூன்றாவது நல்லபடி வளர்ந்து மாதம் நெருங்கியபோது, எங்கள் ரப்பர் தோட்டத்து மாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். வேண்டிக்கொள்வது எளிது. நைட் ஷிப்ட் பார்த்துக்கொண்டு கவுச்சி தொடாமல் இருப்பதுதான் பெரும்பாடு.

சுங்கை காடுட்டில் தொழிற்சாலை வேலை எனக்கு. காலையில் பஸ் எங்களைத் தோட்டத்து முச்சந்தியில் இறக்கிவிடும். அங்கேயே நாசி லெமாக் கடை; தேங்காய்ப்பால் சோறும் பொரித்த கோழியும் விற்கும். நடத்துபவர், மக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் மலாய்க்கார அம்மா. தோட்டத்திலேயே வளர்ந்ததால் தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பஸ் கூட்டம்தான் அவருடைய பாதி வியாபாரம். பஸ் கதவு திறக்கும் முன்பே பொரித்த கோழி வாசம் உள்ளே ஏறிவிடும். பகல் ஷிப்ட் வாரங்களில் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். இரவு கண்விழித்தால் மட்டும் அந்தக் கோழி என் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

அம்மன் சோதிக்கிறாள் என்று நம்பி அவளிடமே சண்டை போட்டேன். தொழிற்சாலை நர்சிடம் சொன்னால் அவள் சிரிக்கிறாள்.

"சோதனையும் இல்ல, ஒண்ணும் இல்லலா அக்கா. தூக்கம் கெட்டா மூளையில 'போதும்'னு சொல்ற இடம் மந்தமாயிடும். 'வேணும் வேணும்'னு கத்துற இடம்தான் முழிச்சிக்கிட்டு இருக்கும். வீட்டுக்குப் போனதும் முதல்ல தூங்குங்க."

எனக்குக் கோபம் வந்தது. வீடு கழுவி, விளக்கேற்றி, சமைத்து முடிக்காமல் விரதக்காரி குப்புறப் படுத்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?

ஒரு நாள் காலை, கால்கள் தாமாகப் போய்க் கடை வரிசையில் நின்றன. "மக்சிக், கோழி ஒண்ணு" என்றேன். இடுக்கியை எடுத்தவர் என் மணிக்கட்டில் இருந்த மஞ்சள் காப்பைப் பார்த்ததும் அதைக் கீழே வைத்துவிட்டார்.

"விக்க மாட்டேன்லா. தங்கச்சிக்காக விரதம் இருக்கேல்ல? நோன்பு மாசத்துல தூக்கம் கெட்டா எனக்கும் இப்படித்தான், கண்டதெல்லாம் வேணும்னு தோணும். போ, தூங்கு. எந்திரிச்சும் வேணும்னா வா."

வரிசையே சிரித்தது. மானம் போய் வீட்டுக்கு வந்தவள், வீடாவது விளக்காவது என்று படுத்துவிட்டேன். எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ரசமும் அப்பளமும் அமிர்தமாக இறங்கின. கோழி நினைவே இல்லை. அப்போதுதான் உறைத்தது. அந்தத் துண்டைத் தின்றுவிட்டு, தங்கைக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்னை நானே மன்னித்திருக்க மாட்டேன்.

அன்றிலிருந்து வந்ததும் தூக்கம்தான். பஸ்ஸை விட்டு இறங்கித் தலை குனிந்து நடப்பேன். வாசம் மூக்கில் ஏறவே இல்லை. பால்குடமும் நல்லபடி எடுத்தாயிற்று. தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது.

சேதி சொல்ல மக்சிக்கிடம் போனேன். சும்மா இருக்காமல், "பாத்தீங்களா, அதுக்கப்புறம் உங்க கோழி வாசம் என்னை அசைக்கவே இல்ல" என்று பீற்றிக்கொண்டேன்.

"எப்படி அசைக்கும்?" என்றார் அவர், பொட்டலம் கட்டியபடியே. "நீ வீடு போய்ச் சேர்ந்த பெறகுதானே நான் அடுப்புல எண்ணெயே வெச்சேன்."

அத்தனை காலையும் பஸ் கூட்டத்துக்குக் கோழி இல்லாமல்தான் கடை நடந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது.