ஜும்ஆவுக்கு முன் ஆண்டவர் என் வாயைத் திறந்தார்

போன திருவருகைக் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, பீடி எடுக்கச் சட்டைப் பைக்குள் கை விட்டேன். பீடிக்குப் பதிலாக ஒரு சின்னக் கம்பிப் பின் வந்தது. அதைப் பார்த்ததும் என் முழங்கால் இரண்டும் என்னைக் கேட்காமலே மடங்கிவிட்டன. பக்தியில் முழந்தாளிட்டேன் என்று நினைக்காதீர்கள் சகோதரங்களே. பயத்தில்!

என்னை உங்களில் பலருக்குத் தெரியும். கோயிலில் கடைசி வாங்குப் பலகையில் இருந்துகொண்டு பக்கத்தில் இருப்பவரைச் சிரிக்க வைக்கிற அதே செபஸ்திதான். வீடு கல்முனையில். ஒலுவில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் படகு எஞ்சின் திருத்தும் கடை வைத்திருக்கிறேன்.

அந்தப் பின் என்னவென்று சொல்கிறேன். எஞ்சினின் அடியில் தண்ணீரைத் தள்ளும் விசிறி இருக்கும். அதை ஒரு நட்டுப் போட்டு இறுக்கி, நட்டுக் கழன்றுவிடாமல் இந்தப் பின்னைக் கோர்ப்போம். முதல் நாள் பாலமுனை மீனவர் ஆதம்பாவா காக்காவின் எஞ்சினைத் திருத்தினேன்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். பின்னை உதட்டில் கவ்விக்கொண்டு நட்டை இறுக்கும்போது, எனக்கு ஒரு பகிடிக் கதை ஞாபகம் வந்தது. கதை சொல்ல வாய் வேண்டுமே! பின்னை எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். கதையைச் சொன்னேன். காக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருடைய மருமகன் ஜவ்பர் சிரித்து மண்ணில் இருந்துவிட்டான். அந்தச் சிரிப்போடு எஞ்சினைத் தூக்கிக்கொண்டு போய், பின்னேரமே இரண்டு பேரும் கடலுக்குப் போய்விட்டார்கள். அந்தக் கம்பிப் பின் என்னோடு கல்முனைக்கு வந்துவிட்டது.

காக்காவின் போனுக்கு அடித்தேன். போகவில்லை. ஓட்டோ பிடித்துப் பாலமுனைக் கரைக்கு ஓடினேன். வெள்ளிக்கிழமைகளில் பாலமுனைப் படகுகள் காலையிலேயே கரைக்கு வந்துவிடும். ஜும்ஆத் தொழுகை முடியும்வரை ஒன்றும் இறங்காது. எல்லாப் படகுகளும் வரிசையாக மணலில் கிடந்தன. காக்காவின் படகு மட்டும் இல்லை.

வலை தட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"காத்து எதிர்ப்பு மனே. ஜும்ஆக்கு வந்திருவாங்க. வராட்டி தொழுத மறுகா வடக்கால போய்ப் பாப்பம். அவங்க வலை போடுற இடம் அங்கதானே."

வடக்கே! விசிறி விழுந்த படகு வலை போட்ட இடத்தில் நிற்குமா? அந்த மாதத்து நீரோட்டம் தெற்கே இழுக்கும். வடக்கே தேடினால் கடலைத்தான் பார்த்துவிட்டு வருவார்கள். விசிறி கழன்றிருக்கும் என்பது அந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

தெரிந்தவன் என்ன செய்தேன்? கடைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்! எஞ்சின்களுக்கு நடுவில் குந்தி இருந்து, தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருகிற அந்தோனியாரைக் கூப்பிட்டேன். "அந்தோனியாரே, அந்த விசிறியை எப்படியாவது திரும்ப மாட்டிவிடும்" என்று மன்றாடினேன். கடலுக்கு அடியில் புனிதரை மெக்கானிக் வேலைக்கு அனுப்பப் பார்த்தேன்! மடுக் கோயிலுக்கு நடந்தே வருவதாக மாதாவுக்கு நேர்ந்தேன். நான் பஸ் தரிப்பிடம்வரைகூட நடக்காதவன் என்பது மாதாவுக்குத் தெரியாதா? கடைசியில் ஆண்டவரிடமே கேட்டேன்: "ஆண்டவரே, அவர்களும் பத்திரமாக வரவேண்டும், என் பெயரும் கெடக்கூடாது. ஓம் என்றால் ஒரு அடையாளம் காட்டும்." ஒரு பல்லிகூடக் கத்தவில்லை.

அப்போதுதான் தியானத்தில் எங்கள் பங்குத்தந்தை சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. மனிதனைக் கடவுள் சுதந்திரமாகப் படைத்தார், நினைத்ததைச் செய்துவிட்டு ஓடுவதற்கு அந்தச் சுதந்திரம் தரப்படவில்லை, நல்லதை நாமாகவே தெரிந்தெடுத்து அதற்குப் பொறுப்பு நிற்பதற்குத் தரப்பட்டது என்றார். அறியாமையும் பயமும் ஒருவனுடைய குற்றத்தின் பாரத்தைக் குறைக்கலாம் என்றும் சொன்னார். அந்தப் பிரசங்கத்தில் எனக்குப் பிடித்த இடமே அதுதான்! கடைக்குள் இருந்து அதையே பிடித்துத் தொங்கினேன். "ஆண்டவரே, பின்னைத் தெரியாமல்தானே விட்டேன்? பயத்தில்தானே இருக்கிறேன்?"

சத்தியமாகச் சொல்கிறேன், காதில் ஒரு குரலும் கேட்கவில்லை. ஆனால் நெஞ்சுக்குள் ஒன்று தெளிவாக எழுந்தது: நேற்றுத் தெரியாது. இப்போது தெரியும். இனிச் சும்மா இருந்தால் அது மறதி இல்லை, நீ செய்கிற காரியம். உன்னை யாரும் பிடித்து வைத்திருக்கவில்லை. கதவைச் சாத்தியதும் நீதான்.

நான் அடையாளம் கேட்டேன். ஆண்டவர் என் மனச்சாட்சியைக் கையில் தந்தார். "சொல்ல மட்டும் பலம் தாரும்" என்று கேட்டேன். அன்று நான் கேட்ட முதல் ஒழுங்கான செபம் அதுதான். கதவைத் திறந்தேன்.

பள்ளிவாசலில் குத்பாப் பிரசங்கத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக ஊரே நின்றது. இடுப்பில் எண்ணெய் படிந்த சாரத்தோடு வாசலில் போய் நின்றேன். பள்ளிவாசல் நிர்வாகத்தில் உள்ள இஸ்மாலெவ்வை மரைக்கார் என்னைக் கண்டார்.

"என்னடாப்பா செபஸ்தி, தொழ வந்தயா? முதல்ல அந்தக் கையக் கழுவு!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நான் சிரிக்காததைப் பார்த்தே மரைக்காரின் முகம் மாறியது.

"காக்காட எஞ்சினுக்குப் பின் போடாம விட்டுட்டன், மரைக்கார். விசிறி கழண்டு விழுந்திருக்கும். வடக்கால தேடாதீங்க. அவங்க தெற்கால இழுபட்டுப் போறாங்க."

ஜவ்பரின் அண்ணன் பாய்ந்து என் சட்டையைப் பிடித்தான். "விடியத்துல இருந்து என்னடா செஞ்ச?"

"கடைய சாத்திட்டுப் பயந்துக்கிட்டு இருந்தன்" என்றேன்.

மரைக்கார் இடையில் வந்தார். "விடுடா அவன. சொல்லாம ஊட்ட போயிருந்தா ஆருக்குத் தெரியும்? சுறுக்கா ரெண்டு வோட்ட கடலுல இறக்குங்க."

"ஜும்ஆ?" என்று ஒருவர் இழுத்தார்.

"உசிர் போற நேரம். போறவங்க போங்க, நாங்க தொழுதிட்டு துஆ கேக்கிறம். மனுசனக் காப்பாத்தத்தானே மார்க்கம்."

சகோதரங்களே, எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் பங்குத்தந்தை தியானத்தில் சொன்னதை மரைக்கார் பள்ளிவாசல் வாசலில் நின்று செய்து காட்டினார்!

படகில் நானும் ஏறினேன். எஞ்சின் திருத்துகிறவன் என்றால் கடல் பழக்கம் இருக்கும் என்று நினைப்பீர்கள். எனக்கு அலையைக் கண்டாலே குமட்டும். ஒரு கையில் செபமாலை, மறு கை படகின் விளிம்பில். ஒவ்வொரு மங்கள வார்த்தைக்கும் இடையில் வாந்தி. பக்கத்தில் ஜவ்பரின் அண்ணன் திக்ரு ஓதிக்கொண்டே என் சட்டையைப் பிடித்திருந்தான். இந்த முறை நான் கடலில் விழாமல் இருப்பதற்காக.

திருக்கோவில் கடலுக்கு நேரே தூரத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. கிட்டப் போனோம். ஜவ்பர் குனிந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். காக்கா படகின் முன்பக்க அணியத்தில் இருந்து எங்களைப் பார்த்தார். இரண்டு பேரும் உயிரோடு! நான் போட்ட கூச்சல் கரைக்கே கேட்டிருக்கும்.

"செபஸ்தி! நீ எங்கடா இஞ்ச? விசிறி கொண்டாந்தயா, கதை மட்டும் கொண்டாந்தயா?"

வாய் நிறையப் பொய் சொல்ல அது நல்ல இடம். ஆள் பிழைத்துவிட்டார், இனி என்ன என்று பேய் காதில் ஓதத்தான் செய்தது. நான் சொன்னேன். "காக்கா, பிழை என்ட. பின்ன நான் போடல்ல."

காக்கா மெல்லத் திரும்பி மருமகனைப் பார்த்தார். ஜவ்பர் தண்ணீர் இறைத்த சட்டியைக் கீழே வைத்தான்.

"கேட்டீங்களா மாமா?" என்றான். "நான் கல்லுல ஏத்தல்ல எண்டு எத்தன தரம் சொன்னன்!"

"வோட்டக் கல்லுல ஏத்தி விசிறியத் தொலைச்சிட்டான் எண்டு இவனத்தான்டா ராவெல்லாம் ஏசினன்" என்றார் காக்கா என்னிடம். "வோட்டுக்கு ஆகாதவன், இனி ஏத்த மாட்டன் எண்டு சொல்லிட்டன்." பிறகு ஜவ்பரின் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

அந்த இடத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. நான் வாய் மூடியிருந்தால், அவர்கள் எப்படியோ கரை சேர்ந்திருந்தாலும், என் பாரத்தை ஒரு பாவமும் அறியாத அந்தப் பொடியன் வாழ்நாள் முழுக்கச் சுமந்திருப்பான். ஒருவன் இறக்கி வைக்கிற பொறுப்பு காற்றில் கரைவதில்லை. பக்கத்தில் நிற்பவனின் தலையில் போய் ஏறுகிறது. பத்துக் கட்டளையும் என்னைக் கட்டிப்போட வந்தவை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அன்று ஒரு உண்மையைச் சொன்னதும் கட்டவிழ்ந்தது இரண்டு பேர், நானும் ஜவ்பரும்.

அதன் பிறகு கொஞ்ச நாள் என் கடைப் பக்கம் ஒருவரும் வரவில்லை. நியாயம்தான். முதல் ஆளாக ஒரு எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வந்தவன் ஜவ்பர். "வேல முடியிற வரைக்கும் வாயத் திறக்கப்படாது" என்று எனக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தான். நானும் திறக்கவில்லை. இப்போது எந்த எஞ்சினும் சொந்தக்காரரின் விரல் பின்னைத் தொட்டுப் பார்க்காமல் என் கடையைவிட்டுப் போகாது. பகிடியெல்லாம் அதற்குப் பிறகுதான், தேத்தண்ணீரோடு.

உங்களில் யாராவது இப்போது ஒரு கதவைச் சாத்திக்கொண்டு இருந்தால், என்னைப் போல வித்தை காட்டும்படி கடவுளிடம் கேட்டு மினைக்கெடாதீர்கள். சொல்லப் பலம் கேளுங்கள். தருவார்! கால் நடுங்கினால் நடுங்கட்டும், நடுங்கிய காலோடே போங்கள். நான் அப்படித்தான் போனேன். அங்கே எனக்கு முன்பே அவர் வந்து நின்றிருந்தார், அதுவும் தொப்பி போட்ட அத்தனை பேருக்கு நடுவில். அவருக்கே புகழ்.